முகூர்த்தக்கால் கண்காட்சி

காசிமாயன் வேப்பங்குச்சியை மென்னுக்கிட்டே வாசலுக்கு வந்தா, மரத்துல செவப்புப் பெயிண்டுல பெருசா ஒரு பெருக்கல் குறி. ஈரங்கூடக் காயல.

"யாருக்கா இதைப் போட்டது?"

எதிர்வீட்டுப் பாத்துமுத்து கூட்டிக்கிட்டிருந்த வெளக்குமாத்தை நிமித்திப் பிடிச்சா. "ஓவர்சியர் வந்துட்டுப் போறாரு. சாக்கடையை அகலப்படுத்துறாகளாம். குறி போட்டதெல்லாம் வெட்டுறதுக்காம்."

"இது எங்க மரம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். 'எது மரம்'னு கேட்டாரு. கையை நீட்டிக் காட்டுனேன். அதுக்கப்புறந்தான் குறியே போட்டாரு."

காசிமாயனுக்கு வாயெல்லாம் கசந்துச்சு. குச்சியை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. உள்ளே ஆயம்மாள் அரிசி களையிற சத்தம் கேட்டுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல கழுநீரைத் தூக்கிக்கிட்டு மரத்துக்கு ஊத்த வந்துருவா. அதுக்குள்ள குறி போயாகணும்.

மண்ணெண்ணெய் பாட்டிலையும் ஒரு பழந்துணியையும் எடுத்தாந்து தேச்சான். பெயிண்டு போகல, பரவுச்சு. அழுத்தித் தேச்சான். பெயிண்டு போச்சு, கூடவே பட்டையும் போச்சு.

ஆயம்மாள் கழுநீர்ச் சட்டியோட வந்து நின்னா.

"என்ன மண்ணெண்ணெய் வாடை?"

"எறும்பு ஏறுச்சு."

"எறும்புக்குப் பட்டையை உரிப்பாகளா?"

"பெரிய எறும்பு."

மரத்துல இருந்து பழுத்த எலை ஒண்ணு சட்டித் தண்ணியில விழுந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டு உள்ளே போனா. கொஞ்ச நேரத்துல டிரங்குப் பெட்டி கீச்சுனு தெறந்து டொப்புனு மூடுற சத்தம் கேட்டுச்சு. ஒரு சேலை உள்ளே போயிருச்சு.

அந்தச் சத்தத்துக்குத்தான் காசிமாயன் பயந்தது.

ஊருக்குத்தான் அது மரம். ஆயம்மாளுக்கு அது முகூர்த்தக்கால். எழுபத்து மூணுல சிலமலையில பொண்ணு வீட்டுலதான் கல்யாணம் நடந்துச்சு. மணவறைக்கு முன்னால கல்யாண முருங்கைக் கொப்பு ஒண்ணை வெட்டி நட்டு, ஆயம்மாளோட அப்பா தன் புது வேட்டியைப் பச்சைக்கரையோட கிழிச்சு, மஞ்சத்தண்ணியில நனைச்சு அதுல முடிஞ்சாரு. தாலி கட்டி முடிஞ்சதும் அந்தக் காலை மாப்ளே வீட்டுல கொண்டுபோய் நடணும். அது தழைச்சா குடும்பம் தழைக்கும். பட்டுப்போனா என்னாகும்னு யாரும் வாயால சொல்றதில்ல.

பந்தல் போட்டது போடி பிச்சை பாய் கடை. பெரிய முகூர்த்தம், அவரு லாரி அன்னைக்கு ஊர் ஊரா ஓடிக்கிட்டிருந்துச்சு. பந்தக்கம்பு, அண்டா, குண்டாவோட இந்தக் காலையும் ஏத்திக்கிட்டு வந்து காசிமாயன் வீட்டு வாசல்ல எறக்கிப் போட்டுட்டுப் போச்சு. முடிஞ்சிருந்த துணியைக் காணோம். வழியில அவுந்து விழுந்திருக்கும்னு விட்டுட்டாங்க. ஒண்டுக்குடித்தனம், உள்ளே நட எடமில்ல. சாக்கடை ஓரமா தெருவுல நட்டாங்க.

கல்யாண முருங்கைன்னா குச்சியைக் குத்திட்டு மறந்தாலும் மரமாகுற சாதி. மலை மேல ஏலத்தோட்டத்துல வேலிக்கு நட்டதெல்லாம் வானத்துக்கு நிக்குது. இது மட்டும் பத்து வருசமா ஓட்டு எறவாரத்தை எட்டிப் பிடிக்கப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. எலை விட்டா ஆடு வந்துரும். ஆடு விட்டதைப் பாத்துமுத்து இருமலுக்கு ரொட்டி தட்டப் பறிச்சுக்குவா.

எலை உதிந்தா ஆயம்மாள் ஒரு சேலையை மடிச்சுப் பெட்டியில வைப்பா. துளிர் விட்டா எடுத்துக் கொடியில போடுவா. பெட்டி நெறஞ்சா சிலமலைக்குப் போயிருவேன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லியிருந்தாக்கூட சண்டை போட்டுத் தீத்திருக்கலாம்.

சண்டைக்கும் கொறைச்சல் இல்ல. ஏன் தண்ணி ஊத்தல, ஏன் முள்ளு வேலி கட்டல, ஏன் அதுல சைக்கிளைச் சாத்துனீக. எந்தச் சண்டையும் அந்தக் குச்சிகிட்டதான் ஆரம்பிக்கும். அதைக் காசிமாயன் ஒக்காந்து யோசிச்சதில்ல. ஏலக்காய் மண்டியில காய் பொறுக்குற பொம்பளைகளுக்கு மேஸ்திரி அவன். நாள் முழுக்க அவுகளைச் சமாளிச்சிட்டு வர்றவனுக்கு யோசிக்க ஏது தெம்பு.

அன்னைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு ஓவர்சியரைப் பாக்கப் போனான்.

"அந்த மரத்தால பொதுமக்களுக்கு என்னய்யா பிரயோசனம்?" ன்னாரு அவரு.

"இருமலுக்கு நல்லதுங்க."

"எனக்கு இருமல் இல்ல. நெழல் தருதா?"

"காலையில தருங்க. செவுத்து மேல."

ஓவர்சியர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாரு. "உள்ளதைச் சொல்லு. அந்தக் குச்சிக்கு எதுக்கு இம்புட்டு அலையிற?"

முகூர்த்தக்கால்னு சொல்ல வாய் வரல. பொண்டாட்டி சேலை மடிக்கிறதுக்குப் பயந்து ஆபீசு ஏறுறான்னு ஊரே சிரிக்கும்.

"அங்கன ஒரு விழா நடக்கப்போகுதுங்க."

"என்ன விழா?"

"பெரிய விழா."

"விழா நடக்கையில வெட்ட மாட்டோம். முடிஞ்ச மறுநாள் ஆளு வரும்."

அப்ப முடியாத ஒரு விழா வேணும். காசிமாயனுக்குத் தெரிஞ்சு முடியாத விஷயம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. பக்கத்து வீட்டு மாடியில குடியிருக்கிற டிராயிங் வாத்தியார் திருப்பதி பேசுற பேச்சு. ஸ்கூலுக்குக் கோடை லீவு வேற. அவரு அறை முழுக்க அவரு வரைஞ்ச படமா அடைஞ்சு கெடக்கும். படுக்க எடமில்லாம மொட்டை மாடியில படுக்குற மனுசன்.

விழான்னு சொன்னதுதான் தாமதம், வாத்தியார் எந்திரிச்சு சட்டையை மாட்டுனாரு.

"ஓவியக் கண்காட்சி. தெறந்த வெளியில. மரத்தடியில. மெட்ராசுல எல்லாம் இப்படித்தான் வைக்கிறாங்க. இத்தனை வருசமா ஒரு மரத்துக்காகத்தான் காத்திருந்தேன்."

"இந்த மரம் போதுமா வாத்தியாரே?"

"கலைக்கு ஒரு கொப்பு போதும்."

மறுநாள் காசிமாயன் மண்டியில இருந்து திரும்பி வர்றதுக்குள்ள கண்காட்சி ஆரம்பிச்சிருந்துச்சு. வாத்தியார் மரத்தைச் சுத்தி ஆணி அடிச்சுப் படத்தை மாட்டியிருந்தாரு. எல்லாமே போடிமெட்டு ரோட்டு வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு படம். தூரத்துல இருந்து பாக்க ஜிலேபிக் கடை மாதிரி இருந்துச்சு.

தெருமுனையில ஆயம்மாள் ரேசன் பையோட நின்னுக்கிட்டிருந்தா.

"ஆணி," ன்னா.

"கலைக்குத்தான்," ன்னான் காசிமாயன்.

"தாலியைக் கழட்டித் தர்றேன். அதுலயும் ரெண்டு ஆணி அடிச்சு எதையாவது மாட்டுங்க."

பெட்டி கீச்சுனுச்சு. டொப்புனுச்சு. திரும்பவும் கீச்சுனுச்சு.

காசிமாயன் குறடு வாங்கியாந்து ஒவ்வொரு ஆணியாப் பிடுங்குனான். பிடுங்குன எடமெல்லாம் தண்ணி கசிஞ்சுச்சு. பாத்துமுத்து சாணி வச்சு அடைக்கச் சொன்னா. அடைச்சான். சாணிக்கு வண்டு வந்துச்சு. வண்டுக்கு வேப்பெண்ணெய் பூசுனான். மிச்சமிருந்த எலை மஞ்சளாச்சு.

"இப்பப் படத்தை எங்க மாட்டுறது?" ன்னாரு வாத்தியார். அவருக்கு அவரு கவலை.

பிச்சை பாய் கடையில சொல்லி மூங்கில் கொண்டாரச் சொன்னாங்க. கடையில ரொம்ப வருசமா வேலை பாக்குற பெரியகருப்பன் வந்து, மரத்தைச் சுத்தி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிக் குடுத்தாரு.

"மரத்தடியில பந்தல் போட்டிருக்கேன். மரத்துக்கே பந்தல் போடுறது இதான் அப்பு மொதத்தடவை," ன்னாரு.

"பாத்துக் கட்டுங்கண்ணே. மரத்துல பட்டுறக் கூடாது."

"படாது. தேவாரத்துல ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போடப் போகணும், அங்க யானை எறங்கிருச்சுன்னு ஒருத்தனும் வர மாட்டேங்குறான். அதுக்கு இந்தச் சோலி எம்புட்டோ தேவலை. ஆமா, எதுக்கு அப்பு இதெல்லாம்?"

"கலைக்குத்தாண்ணே."

"அப்படியா," ன்னுட்டு பெரியகருப்பன் முடிச்சைப் போட்டாரு. பந்தக்காரன் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

வாத்தியார் பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டிட்டு வந்தாரு. 'மர நிழலில் மாபெரும் ஓவியக் கண்காட்சி. அனைவரும் வருக.' அனைவரும் வந்தாங்க. மலைக்கு ஜீப்பு ஏறக் காத்திருந்த எஸ்டேட் ஆளுக, வெயிலுக்கு ஒதுங்க எடம் தேடுனவுக, சந்தைக்கு வந்த சிலமலைக்காரவுக. வந்தவுகள்ல ஒருத்தரு துண்டால வேர்வையைத் தொடச்சுக்கிட்டே கேட்டாரு.

"மரம் எங்கண்ணே?"

"நீங்க சாஞ்சிருக்கிறதுதான்."

அவரு பதறி நிமிந்தாரு. மரம் நிமிரல. சாஞ்ச வாக்குலயே நின்னுருச்சு.

காசிமாயன் ஓடிப்போய் பெரியகருப்பனைக் கூட்டியாந்தான். அவரு ஒரு மூங்கிலை முட்டுக் குடுத்தாரு. முட்டுக் குழி தோண்டுன எடத்துல ஒரு வேரு அறுந்துச்சு. அதை ஆயம்மாள் ஜன்னல் வழியாப் பாத்துட்டா.

ஓவர்சியர் சைக்கிள்ல போறப்பவும் வர்றப்பவும் ஒத்தைக் காலைத் தரையில ஊனிக்கிட்டு விசாரிச்சாரு. "விழா முடிஞ்சுதா?"

"இதுக்கடுத்து இன்னொண்ணு இருக்குங்க," ன்னான் காசிமாயன். ரோட்டு வளைவெல்லாம் தீந்துபோனதால வாத்தியாரை அவசரப்படுத்துனான். "வேற எதையாவது வரைங்க வாத்தியாரே. எதையாவது."

"எதை வரைய?"

"மரத்தையே வரைங்க."

அதுதான் ரெண்டாவது கண்காட்சி. வாத்தியார் ராப்பகலா ஒக்காந்து வரைஞ்சாரு. ஆனா கண்ணுல பட்ட மாதிரி வரையல. அவரு மனசுல அது எப்படி இருக்கணுமோ அப்படி வரைஞ்சாரு. ஓட்டைத் தாண்டிப் பெருசா, கொப்புக் கொப்பா தழைச்சு, உச்சியில கொத்துக் கொத்தா செவப்புப் பூ.

ஆயம்மாள் அந்தப் படத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னா.

"இது எப்பப் பூத்துச்சு சார்?"

"இன்னும் பூக்கலம்மா. பூத்தா இப்படி இருக்கும்."

அவ திரும்பவும் படத்தைப் பாத்தா. பூவு இருந்த எடத்தை விரலால தொட்டா, பெயிண்டு ஒட்டிக்கிச்சு. அந்த விரலைத் தொடைக்காமலே உள்ளே போனா. சாயங்காலம் கொடியில ஒரு சேலை ஆடிக்கிட்டிருந்துச்சு. காசிமாயன் மண்டியில இருந்து வந்தவன் அதைப் பாத்துட்டு வாசல்லயே நின்னான். ஏதோ, இந்தக் கலையிலயும் கொஞ்சம் விஷயம் இருக்கும் போலன்னு நெனச்சான்.

நெனச்சு முடிக்கல, ஓவர்சியர் வந்துட்டாரு. அவரும் படத்தைப் பாத்தாரு. மரத்தைப் பாத்தாரு. திரும்பப் படத்தைப் பாத்தாரு.

"இந்தப் படத்துல இருக்கிற மரம் எந்த ஊர்ல இருக்கு?"

"இதுதாங்க அது."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை, பெரிய ஆபீசர் சாக்கடை வேலையைப் பாக்க வர்றாரு. மரம் படத்துல உள்ளபடி இருந்தா, அவரே விட்டுருங்கன்னுவாரு. இப்படி இருந்தா நான் என்னன்னு சொல்லட்டும்?"

அவரு போனதும் காசிமாயன் தலையில கையை வச்சு ஒக்காந்துட்டான். வாத்தியாருக்கு மட்டும் மொகத்துல ஒரு வெளிச்சம்.

"மலையில இப்ப ஏலச்செடிக்கு மேல நெழல் மரத்தைக் கழிக்கிற நேரம். முருங்கைக் கொப்பை வண்டி வண்டியா வெட்டிப் போடுறான். ஜீப்புக்காரன்கிட்டச் சொல்லி ரெண்டு கட்டு கொண்டாரச் சொல்லுவோம்."

"கொண்டாந்து?"

"கட்டுவோம்."

"எதுல?"

வாத்தியார் மரத்தைக் கையைக் காட்டுனாரு.

வேண்டாம்னு சொல்லியிருக்கணும். ஆனா அன்னைக்கு சனிக்கெழமை, பிள்ளைக ரெண்டும் லீவுக்கு அம்மாச்சி வீட்டுல இருக்குன்னு ஆயம்மாள் சேலையைக் கொடியில போட்ட கையோட பாக்கச் சிலமலைக்குப் போயிருந்தா. போறப்ப சும்மாதான் போனா, பெட்டியை எடுக்கல. பெட்டி இல்லாமப் போனவ பெட்டியோட போற நாள் வந்துறக் கூடாதேன்னு நெனச்சான். சரின்னுட்டான்.

ஞாயித்துக்கெழமை விடிஞ்சதும் போடிமெட்டுல இருந்து ஜீப்பு எறங்குச்சு.

"முருக்குக் கொப்பு வேணும்னு சொன்னது ஆரு? அடுப்பெரிக்கவா?" ன்னான் டிரைவர்.

"கண்காட்சிக்கு," ன்னாரு வாத்தியார்.

டிரைவர் கொப்பை எறக்கிப் போட்டுட்டு, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வண்டியை எடுத்தான்.

பெரியகருப்பன் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கொப்பா வச்சுக் கட்டுனாரு. கட்டி முடிச்சதும் பாத்துமுத்து வெளியே வந்து மோவாய்க்கட்டையில கையை வச்சா.

"யாத்தே. பொண்ணு சோடிச்ச மாதிரில்ல இருக்கு."

"அக்கா, தயவுசெஞ்சு இன்னைக்கு ஒரு நாள் ரொட்டி தட்டாத," ன்னான் காசிமாயன்.

காலை பஸ்சுல ஆயம்மாள் வந்து எறங்குனா. தெருமுனை திரும்புனவ அப்படியே நின்னா. கையில இருந்த பை நழுவிச்சு, உள்ளே இருந்த கத்திரிக்கா ரோட்டுல ஓடுச்சு. பொறுக்கல.

"ஒரே நாள்லயா?" ன்னா.

"மழை பெஞ்சுச்சு."

"மழையா? தரை காஞ்சு கெடக்கே."

"மேல பெஞ்சுச்சு. மலையில."

அவ கேக்கல. எலையைக் கன்னத்துல வச்சுப் பாத்தா. கண்ணு நெறைஞ்சிருச்சு. "நாந்தான் நம்பிக்கை இல்லாமப் போயிட்டேன்," ன்னா. "ஒங்களையும் படாதபாடு படுத்திட்டேன்."

காசிமாயனுக்கு அவ காலுலயே விழுந்து உண்மையைச் சொல்லிறலாமான்னு இருந்துச்சு. அதுக்குள்ள அவ உள்ளே போய்ட்டா. பெட்டி கீச்சுனுச்சு. டொப்புனு மூடுற சத்தம் வரவே இல்ல. ஒவ்வொரு சேலையா வெளியே வந்து கொடி தாங்காம தொங்குச்சு. காலிப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல வச்சுட்டு, பாயாசத்துக்கு அடுப்புப் பத்த வச்சா. பரண்ல இருக்கிற பெட்டியைப் பாத்ததும் காசிமாயன் சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டான்.

வெயில் ஏறுறதுக்குள்ள ஆபீசர் ஜீப்பு வந்துச்சு. பின்னாலயே ஓவர்சியர் சைக்கிள். ஆபீசர் எறங்கி இடுப்புல கையை வச்சு அண்ணாந்து பாத்தாரு.

"நல்ல மரமா இருக்கே."

காசிமாயனுக்கு ஒரு வாரமா அடைச்சுக்கிட்டிருந்த மூச்சு வெளியே வந்துச்சு.

"இம்புட்டு வளமான மரம் கரண்டுக் கம்பிக்கு நேர் கீழ நிக்குது," ன்னாரு ஆபீசர். "மழைக்காலம் வருது. இன்னைக்கே எடுத்துருங்க."

"சார், நேத்துப் பாத்தப்ப இம்புட்டு இல்ல," ன்னாரு ஓவர்சியர்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரே நாள்ல இம்புட்டுன்னா, அடுத்த வாரம் என்னாகும்?"

காசிமாயன் குறுக்க வந்து நின்னான். "சார், இது வளராதுங்க. சத்தியமா வளராது."

"கண்ணால பாக்குறேனே."

"பத்து வருசமா நானும் கண்ணால பாக்குறேன் சார். வளராது."

"ஓரமா நில்லுப்பா."

அதுக்கு மேல காசிமாயனுக்குப் பொறுக்கல. எட்டி ஒரு கொப்பைப் பிடிச்சு இழுத்தான். கையோட வந்துச்சு. "பாருங்க சார், கட்டுனது. இதுவும் கட்டுனது. இந்தா, இதுவும். மரத்துல எலையே கெடையாது சார், சாகக் கெடக்கு."

சொல்லி முடிச்சுட்டுத் திரும்புனா, நெலைப்படியில ஆயம்மாள் நிக்கிறா. கையில ஆபீசருக்குக் கொண்டாந்த பாயாச டம்ளர்.

"அப்ப இது பட்ட மரமா?" ன்னாரு ஆபீசர். "அதுவும் ஆபத்துதானய்யா. யார் தலையிலயாவது விழுந்தா?"

"விழாதுங்க. முட்டுக் குடுத்திருக்கு."

ஒரு கொப்பு மட்டும் வராம நின்னுச்சு. பந்தக்காரன் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுச்சு. கோவத்துல காசிமாயன் மரத்துல ஒரு காலை ஊனி, ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தான். கொப்பு வரல. மரம் வந்துச்சு. வேரோட, முட்டோட, நாலு மூங்கிலோட, வாத்தியார் படத்தோட மொத்தமும் சாக்கடையில போய்ப் படுத்துருச்சு.

ஆபீசர் சட்டையில தெறிச்சதைத் தட்டிவிட்டாரு. "சரி, இங்க வேலை முடிஞ்சது," ன்னு ஓவர்சியர்கிட்டச் சொல்லிட்டு ஜீப்பு ஏறிப் போயிட்டாரு.

வாத்தியார் சாக்கடைக்குள்ள எறங்கி, செவப்புப் பூப் பூத்த படத்தைத் தேடிக்கிட்டிருந்தாரு. பெரியகருப்பன் மூங்கிலை உருவ ஆரம்பிச்சாரு. உள்ளே பரண்ல இருந்து பெட்டி எறங்குற சத்தம் கேட்டுச்சு. கொடியில இருந்த சேலை ஒண்ணொண்ணாக் காணாமப் போச்சு. கீச்சு. டொப்பு.

ஆயம்மாள் பெட்டியோட வெளியே வந்தா.

"ஏத்தா, நானும் ரொட்டிக்குப் பறிச்சேன்ல, எம்மேலயும் தப்பு இருக்கு," ன்னு பாத்துமுத்து வழி மறிச்சா.

"ஒங்க மேல என்னக்கா. நட்ட நேரம் அப்படி."

"ஆயம்மா, வேற காலு ஒண்ணு நட்டுருவோம்," ன்னான் காசிமாயன்.

"வேற காலுன்னா வேற கல்யாணம்."

அவன் கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கிட்டான். "கனமா இருக்கு. நான் தூக்கிட்டு வர்றேன்."

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போதும்."

"சிலமலை வரைக்கும் வர்றேன்."

"நீங்க எதுக்கு அங்க?"

"இங்க எனக்கு என்ன இருக்கு? சண்டை போடக்கூட ஆளில்ல."

ஆயம்மாள் மொகத்தைத் திருப்பிக்கிட்டா. ரெண்டு பேரும் போகவும் இல்ல, திரும்பவும் இல்ல. கயித்தைச் சுருட்டிக்கிட்டிருந்த பெரியகருப்பன் நிமிந்து பாத்தாரு.

"எங்க ஆத்தா, பெட்டியும் கையுமா?"

"முகூர்த்தக்காலு விழுந்துருச்சுல்லண்ணே," ன்னான் காசிமாயன். வெளியாளுகிட்ட அவன் வாய் தெறந்து சொன்னது அதுதான் மொதத்தடவை.

"யாரு காலு?"

"எங்க கல்யாணத்துக் காலு. இந்தா கெடக்கே, இதுதான்."

பெரியகருப்பன் கயித்தைக் கீழ போட்டாரு. "இதுக்குத்தானா இம்புட்டும்? நான் படத்துக்குன்னுல்ல நெனச்சேன். இது தேவாரத்துக்காரன் காலு அப்பு. அன்னைக்கு ரெண்டு கல்யாணத்துக் காலும் ஒரே லாரியில கெடந்துச்சு, மாத்தி எறக்கிப்புட்டோம். தேவாரத்துல எறக்கிட்டுப் பாக்குறேன், பச்சைக்கரை வேட்டித் துணி அதுல இருக்கு. ஆத்தா, ஒங்கப்பாரு இருக்கையில அவருகிட்ட அப்பவே சொன்னேன். 'கம்புதானடா, புள்ளைகிட்டச் சொல்லி அவ மனசைக் கொழப்பாத'ன்னுட்டாரு."

"பச்சைக்கரையா?" ன்னா ஆயம்மாள்.

"பச்சைக்கரைதான்."

காசிமாயன் சாக்கடையில கெடந்த குச்சியைப் பாத்தான். "அப்ப அந்தத் தேவாரத்து ஆளுக?"

"அந்தப் பொண்ணு மொத ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போனதுதான். திரும்பவே இல்ல."

ஆயம்மாள் பெரியகருப்பன் பக்கம் ரெண்டு எட்டு எடுத்து வச்சா.

"அப்ப எங்க காலு?"

"அது அவன் காட்டுலதான் நிக்குது ஆத்தா. ரெண்டு ஆளு சேந்து கட்டிப் பிடிக்கணும். வருசா வருசம் யானை எறங்குனா அதுலதான் முதுகைச் சொறிஞ்சுட்டுப் போகுது, இன்னைக்கு வரைக்கும் ஒரு கொப்பு முறியல."